குவியலும் ஒழுங்கும்

நொய்யலாற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைக்குப் பெயர் பெற்ற நகரம். அதன் புகைவண்டி நிலையத்திற்கு அண்மையில் உள்ள காதர்பேட்டை, பனியன் வாணிகத்தின் பெருங்களமாகும். கடல் கடந்து செல்லும் ஆடைகளில் மிஞ்சியவை பலவும் இங்கு வந்து சேர்கின்றன. அயல்நாட்டார் பத்தாயிரம் சட்டைகள் கேட்டால், வெட்டும்போதும் தைக்கும்போதும் சில பழுதாகக்கூடும் என்று கருதி, உற்பத்தியாளர் சற்று மிகுதியாகவே செய்வது வழக்கம். அவ்வாறு மிஞ்சியவையும், சிறு குறையால் ஒதுக்கப்பட்டு 'செகண்ட்ஸ்' எனப் பெயர் பெற்றவையும் மூட்டை மூட்டையாக இக்கடைகளில் இறங்கும்.

ஒரு வணிகர் ஆயிரம் சட்டைகளை ஒரே குவியலாக வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நிறங்களும் ஐந்து அளவுகளும் அதில் கலந்து கிடக்கின்றன. மாலைக்குள் அவற்றைப் பிரித்து அடுக்கவேண்டும். அடுக்கினால்தான் வெளியூர்ச் சில்லறை வணிகர்க்கு விற்க முடியும். இதற்குக் கைவேகம் போதாதா, அறிவு எதற்கு என்று நீங்கள் வினவலாம்.

எட்டு நிறங்களை ஐந்து அளவுகளால் பெருக்கினால் நாற்பது வகையாகும். நாற்பது குவியல்களையும் ஒரே நேரத்தில் போட முனைந்தால், ஒவ்வொரு சட்டையையும் ஒரே முறை எடுத்தால் போதும். ஆயினும் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதற்குரிய இடம் எது?' என்று நாற்பது குவியல்களிடையே கண் அலையும். கடையோ சிறியது, நாற்பது குவியலுக்குத் தரை ஏது? மாறாக, முதலில் நிறத்தால் எட்டாகப் பிரித்து, பின்னர் ஒவ்வொரு நிறத்தையும் அளவால் ஐந்தாகப் பிரித்தால், சட்டையை இருமுறை தொடவேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் எட்டு இடங்களுக்கு மேல் நினைவில் வைக்கவேண்டுவதில்லை. தொடும் முறை இரட்டித்தும் வேலை விரைந்து முடிவது வியப்பன்றோ?

எதனை முதலில் செய்வது என்பதும் எண்ணத்தக்கது. நிறம் பார்த்த அளவில் தெரியும். அளவையோ விரித்து வைத்துத்தான் அறியவேண்டும். வாங்க வந்தவர் கறுப்புச் சட்டை மட்டும் கேட்கிறார் எனக் கொள்வோம். எட்டு நிறங்களும் சம எண்ணிக்கையில் இருந்தால் கறுப்பு 125. நிறத்தால் முதலில் பிரித்தவர் அந்த 125 சட்டைகளை அளந்தால் போதும். அளவை முதலில் பார்க்கத் தொடங்கியவர் ஆயிரத்தையும் அளக்கவேண்டும். எளிய சோதனையை முன்னும் அரிய சோதனையைப் பின்னும் வைத்ததனால் வந்த ஆதாயம் இது.

இனி, அளவு என்பது யாது? கழுத்துப்பட்டியில் உள்ள சீட்டைப் பார் என்று சொல்லிவிடலாம். மிஞ்சிய சரக்கில் அச்சீட்டு வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. இருந்தாலும் ஒரு நாட்டின் 'எம்' மற்றொரு நாட்டின் 'எல்' ஆக இருக்கலாம். ஆகவே சட்டையைத் தட்டையாக விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளப்பர். 18 அங்குலம் என்றால் சுற்றளவு 36. துணி, தையல், பித்தான் ஆகிய அனைத்தையும் ஒதுக்கி ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது எத்துணைப் பெரிய எளிமை! ஆனால் '18 ஆனால் எஸ், 20 ஆனால் எம்' என்று மட்டும் சொன்னால், 19 அங்குலச் சட்டை எங்கே போகும்? ஒருவர் ஒரு பக்கமும், மற்றவர் மறுபக்கமும் போடுவர். 'எம்' என்று நம்பிக் கட்டை வாங்கிச் சென்ற சிற்றூர்க் கடைக்காரர், ஊரில் பிரித்துப் பார்த்து ஏமாறுவார். மறுமுறை அக்கடைப் படி ஏறமாட்டார். '19-க்குக் குறைந்தது எஸ். 19 முதல் 21-க்குக் குறைந்தது வரை எம்' என்பதே விதியாகும். எல்லைக்கோட்டில் நிற்பவற்றை மறவாதிருத்தல் எளிதன்று. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர்.

பெரிய வேலையைச் சிறு வேலைகளாகப் பகுத்தல், வேண்டாதவற்றை ஒதுக்குதல், ஐயத்திற்கு இடமின்றி முறை வகுத்தல் ஆகியவற்றைக் கணிமைச் சிந்தனை என்பர். சீமோர் பேப்பர்ட் 1980-இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லை ஆண்டார். ஜேனட் விங் 2006-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் அது பள்ளிகளில் பரவியது. பெயர் புதிது, பொருள் பழையது. 1890-இல் அமெரிக்கக் குடிக்கணக்கு எடுத்தபோது, ஹெர்மன் ஹாலரித் ஒவ்வொருவர் விவரத்தையும் அட்டையில் துளைகளாகக் குறிக்கச் செய்தார். அவரது மின்பொறி துளையை அறிந்து எண்ணியது. அதனுடன் இணைந்த பெட்டியில் உரிய அறையின் மூடியும் திறந்தது. ஊழியர் அட்டையை அதில் இட்டார். சட்டைக்குப் பதில் அட்டை, வேறுபாடு அவ்வளவே.

அடுக்கியதன் பயன் தேடும்போது தெரியும். ஆயிரம் கட்டுகளை எண் வரிசையில் வைத்திருந்தால், நடுக்கட்டின் எண்ணைப் பார்த்து ஒரு பாதியை விட்டுவிடலாம். எஞ்சிய பாதியின் நடுவை மீண்டும் பார்க்கலாம். 500, 250, 125 என்று குறைந்து, பத்தே பார்வைக்குள் வேண்டிய கட்டு அகப்படும். வரிசை இல்லையேல் ஆயிரத்தையும் புரட்ட நேரலாம்.

பழுது பார்க்கும் வேலையோ இவற்றினும் கடினம். எண்ணெய்க் கறை, ஊசி தவறிய கோடு, சிறு துளை ஆகியவற்றைப் பழகிய கண் நொடியில் காணும். 'சிறு கறை இருந்தால் தள்ளாதே' என்று புதியவரிடம் சொன்னால், எது சிறிது என்று அவர் கேட்பார். ஒரு ரூபாய் நாணயத்தினும் சிறியது என்று சொல்லலாம்; அது நெஞ்சின் நடுவே இருந்தால்? நீங்களும் வீட்டிலுள்ள பத்துச் சட்டைகளை எடுத்து, பழுதுக்கு ஒரு விதி எழுதி, இரு நண்பரிடம் தனித்தனியே கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இருவர் குவியலும் எந்தச் சட்டையில் வேறுபடுகின்றனவோ, அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விதியைத் திருத்தி எழுதுங்கள்.