மரம் தந்த இரு பாடங்கள்

வடிவமைப்புப் பிரிவு மாணவர், மூன்றாம் ஆண்டு

வடிவமைப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வெள்ளைக் காகிதமும் கூரிய பென்சிலுமே. காகிதம் மிகவும் சாது. நாம் இடும் கோட்டை மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். மரம் அப்படியன்று. அதற்கென ஓர் ஓட்டம் உண்டு, பிடிவாதம் உண்டு, நாம் செய்த பிழையை நெடுநாள் மறக்காத குணமும் உண்டு. இரண்டாம் ஆண்டில் மரச்சாமான் பயிற்சியிலும், மூன்றாம் ஆண்டில் அச்சோவியப் பயிற்சியிலும் நான் கற்றவற்றை, சிறப்பாகத் தவறிக் கற்றவற்றை, நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பாடம்: இருக்கை

ஒருவர் அமரத்தக்க, 18 அங்குல உயரமுள்ள நாலுகால் ஸ்டூல் ஒன்றை ஆணி அடிக்காமல் செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட பணி. வரைபடம் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. மரவேலைக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மரத்தோடு மரத்தை இணைக்கும் பழைய முறை துளையும் கழுந்தும் ஆகும். ஒரு கட்டையின் நுனியை நாக்குப்போல் மெலித்து, மற்றொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் செலுத்துவது. கழுந்தின் கனம் கட்டையின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. கழுந்து பருத்தால் துளையின் சுவர் மெலிந்து பிளக்கும். கழுந்து மெலிந்தால் அதுவே ஒடியும். எதற்கும் அதிகம் கொடுக்காத நியாயம் இந்தக் கணக்கில் இருக்கிறது. முதல் நாலு துளைகளை நான் உளியால் குதறிவைத்தேன். ஐந்தாவது ஓரளவு துளையாக அமைந்தது. எட்டாவது துளையில் கழுந்து, கையால் தள்ளினால் நுழையாமல், கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டியதும் போய் அமர்ந்தது. அந்த ஓசை கேட்டபோது உண்டான மகிழ்ச்சியை எழுதிக் காட்ட இயலாது.

மேற்பலகைக்கு 12 அங்குல அகலமுள்ள ஒரே மாம்பலகை கிடைத்தது. ஒட்டுப் போடாத பலகை கிடைத்ததே என்று பெருமிதம் கொண்டேன். அது என்றைக்கும் அசையக்கூடாது என்று சட்டத்தின் நாற்புறமும் பசை தடவி, அடியிலிருந்து எட்டுத் திருகாணிகளையும் முடுக்கினேன். அப்போது டிசம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. தேர்வு நாளில் பட்டறை ஆசிரியர் ஸ்டூலின் மேல் ஏறி நின்றும் பார்த்தார், அது அசையவில்லை. நல்ல மதிப்பெண் கிடைத்தது.

பொங்கல் விடுமுறையில் அதை வேலூர்ப் பக்கமுள்ள எங்கள் ஊருக்குக் கொண்டுபோய்ப் பாட்டிக்குக் கொடுத்தேன். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாதவர் அவர். மே மாதம் ஊருக்குச் சென்றபோது, ஸ்டூல் சுவரோரம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. மேற்பலகையில் ஒரு முனையிலிருந்து பாதித் தூரத்துக்குமேல் ஒரு விரிசல். பாட்டி கேட்டார்: “ஏண்டா, மரத்த ரொம்பக் கட்டிப்போட்டியா? கோவிச்சுக்கிச்சு பாரு.”

பாட்டி சொன்னதுதான் மர அறிவியலும் சொல்வது. மரம் என்பது மெல்லிய குழல்களை நெருக்கிக் கட்டிய கட்டுப் போன்றது. அக்குழல்களின் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; வறண்ட காற்றில் ஈரத்தை விட்டுச் சுருங்கும். இந்தப் பருத்தலும் சுருங்கலும் குறுக்குவாட்டில்தான் நிகழ்கின்றன. நெடுக்குவாட்டில் மிகமிகச் சொற்பம். குறுக்குவாட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் சுருங்குவது, நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகைகள் கோணுவதற்கும் குழிவதற்கும் இதுவே காரணம். 12 அங்குலப் பலகை நூற்றுக்கு 2 பங்கு சுருங்கினாலே கால் அங்குலம் குறையும். என் பலகைக்கு அந்தக் கால் அங்குலத்தை நான் விட்டுவைக்கவில்லை. சுருங்க வழியில்லாதபோது பலகை தன்னையே பிளந்துகொண்டது.

நம் ஊர்த் தச்சர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். சட்டம் கோத்த கதவுகளைப் பாருங்கள். நடுவிலுள்ள பலகைகள் சட்டத்தின் காடிக்குள் பசையின்றித் தளர்வாகவே நிற்கும். மழையில் பருக்கவும் வெயிலில் சுருங்கவும் அவற்றுக்கு இடம் உண்டு. ஸ்டூல் பலகைக்கும், திருகாணித் துளையைக் குறுக்குவாட்டில் சற்று நீளமாக வெட்டியிருந்தால் போதும். திருகாணியும் பிடித்திருக்கும், பலகையும் நகர்ந்திருக்கும். இதை ஆசிரியர் வகுப்பிலேயே கூறியிருந்தார். நான் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எழுதியதை அறிந்ததாக எண்ணிக்கொண்டதே என் பிழை.

மரத்தின் போக்கை அறிந்து செய்த பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். வியன்னாவில் தொழில் நடத்திய மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி உலகப் புகழ் பெற்றது. வளைந்த முதுகை ஒரு பலகையிலிருந்து அறுத்து எடுத்தால், வளைவில் மரத்தின் இழைகள் குறுக்கே அறுபட்டு அவ்விடத்தில் ஒடியும். தோனெட் பீச் மரக் கோல்களை நீராவியில் பதப்படுத்தி, வெளிப்புறத்தில் இரும்புப் பட்டை பிணைத்து, அச்சில் வைத்து வளைத்தார். இழைகள் அறுபடாமல் வளைவோடு சேர்ந்து ஓடின. 6 மரப் பாகங்கள், 10 திருகாணிகள், 2 மரைகள். அவ்வளவே அந்த நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். மரத்தை அடக்கி வெல்லாமல், அதன் ஓட்டத்தோடு சென்றமையால் கிடைத்த எளிமை இது.

இரண்டாம் பாடம்: அச்சு

விரிசல் கண்ட வருத்தத்தோடு மூன்றாம் ஆண்டில் அச்சோவியப் பட்டறைக்குள் நுழைந்தேன். இங்கு நியதி வேறு. மேடாக நிற்பது மை ஏற்கும். செதுக்கி நீக்கியது வெள்ளையாகும். ஓவியத்தில் நாம் கோட்டைச் சேர்க்கிறோம். மரச்செதுக்கில் கோடு அல்லாதவற்றையெல்லாம் அகற்றுகிறோம். அகற்றியதைத் திரும்ப வைக்க வழியில்லை.

மற்றொரு நியதி, எல்லாம் இடவலமாக மாறி விழும் என்பது. இதை அறியாதவர் எவருமிலர். ஆயினும் ஏமாறாதவரும் குறைவு. என் முதல் முயற்சி, லினோலியத்தில் எங்கள் வேலைமேசையைச் செதுக்கி, கீழே ‘பட்டறை’ என்று எழுத்துகளை வெட்டியது. மையிட்டுத் தாளை உரித்தபோது, இரு புறமும் ஒத்த ‘ப’ மட்டுமே எழுத்தாக இருந்தது. அதுவும் சொல்லின் கடைசியில் போய் நின்றது. ‘ட’ முகத்தைத் திருப்பிக்கொண்டது. ‘றை’யின் ஐகாரக் குறி, முன்னே நிற்க வேண்டியது, எழுத்தின் பின்னே போய் ஒளிந்தது. பட்டறையில் எழுந்த சிரிப்பில் நானும் கலந்துகொண்டேன். அன்றுதான், 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலை எண்ணி வியந்தேன். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒரு கைவினைஞர் இடவலம் மாற்றி எண்ணியல்லவா உருவாக்கியிருக்க வேண்டும்? அதன் பின்னர் மெல்லிய தாளில் வரைந்து, தாளைக் கவிழ்த்துப் பலகையில் படியெடுக்கவும், செதுக்குமுன் ஒரு கண்ணாடியைப் பிடித்துச் சரிபார்க்கவும் பழகினேன்.

அடுத்தது மரம். புதுப் பலகை வாங்க எண்ணியபோது பாட்டியின் ஸ்டூல் நினைவுக்கு வந்தது. ஊருக்குச் சென்று, திருகாணிகளைக் கழற்றி, பசை விடாத இடத்தை மெல்லிய வாளால் அறுத்து, அந்த மேற்பலகையைக் கொண்டுவந்தேன்.

நெடுக்குவாட்டில் அறுத்த பலகையில் உளி இழையோடு செல்லும்போது வழுக்கிக்கொண்டு ஓடும்; குறுக்கே திருப்பினால் மரம் பிய்ந்து வரும். அதிலும் மாமரம் பருமனான இழையுடையது. மயிரிழைக் கோடுகள் அதில் நில்லா. 1498-இல் ஆல்பிரெக்ட் டியூரர் வெளியிட்ட ‘வெளிப்படுத்தல்’ வரிசையின் 15 மரச்செதுக்குகளில் உள்ள நுண்மையைக் கண்டு மயங்கியிருந்த எனக்கு, இது முதலில் ஏமாற்றமாக இருந்தது. நுண்கோடு வேண்டுவோர்க்கு வேறு வழியும் உண்டு. இங்கிலாந்தில் தாமஸ் பியூக் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பாக்ஸ்வுட் என்னும் நெருக்கமான மரத்தின் குறுக்கே அறுத்த முகத்தில் செதுக்கினார். அம்முகத்தில் எத்திசையிலும் உளி ஒன்றுபோல் செல்லும். 1797-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பறவை நூலில் இறகுகள்கூடத் தனித்தனியே தெரிவது அதனால்தான். என் மாம்பலகை அதைத் தராது. ஆகவே, அது தரக்கூடிய பெரிய வடிவங்களையும் தடித்த கோடுகளையும் கொண்டே படத்தை அமைத்தேன்.

வாசலில் ஸ்டூல் போட்டு அமர்ந்திருக்கும் பாட்டியே படம். விரிசலை மரத்தூளும் பசையும் கொண்டு அடைத்துவிடலாம். நான் அடைக்கவில்லை. வாசற்படியில் விழும் வெயிற்கோடாக அது அமையும்படி படத்தைப் பொருத்தினேன். பலகை சற்றுக் கோணியிருந்தமையால் அச்சுப்பொறியில் வைக்க அஞ்சி, உருளையால் மையிட்டு, தாளை விரித்து, கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுத்தேன். முதல் மூன்று தாள்கள் பாழ். மை மிகுந்தால் நுண்ணிடம் அடைபடும். குறைந்தால் கருப்பு பொடிபொடியாய் உதிர்ந்ததுபோல் தெரியும். பத்துப் பிரதிகள் தேறின. ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/10, 2/10 என எண்ணிட்டேன். பத்திலும் அந்த விரிசல் வெள்ளைக் கோடாக நிற்கிறது.

இரண்டும் உணர்த்துவது

மரச்சாமானும் அச்சோவியமும் வெவ்வேறு துறைகள் எனப் பாடத்திட்டம் பிரித்திருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகள். வரைபடத்தில் தெரியாத ஒன்றை முன்கூட்டியே எண்ணிப் பார் என்பதே அப்பாடம். அச்சில் தெரியாதது மறுபக்கம். மரச்சாமானில் தெரியாதது வருங்காலம். அச்சின் பிழை தாளை உரித்த மறுகணமே வெளிப்பட்டுச் சிரிக்க வைக்கும். மரச்சாமானின் பிழையோ ஐந்து மாதம் காத்திருந்து, நாம் இல்லாத இடத்தில், நம்மை நம்பி அமர்ந்தவருக்கு வெளிப்படும். ஆதலின் பின்னதற்குப் பொறுப்பு மிகுதி. டிசம்பரில் நான் பெற்ற மதிப்பெண் பொய்யானது என்று கூறமாட்டேன். அது டிசம்பருக்கு மட்டுமே உரியது என்பேன்.

வரும் ஆண்டு பட்டறைக்குள் காலடி வைக்கும் தம்பி தங்கையர்க்கு ஒரு வேண்டுகோள். ஆசிரியர் கூறுவதைக் குறிப்பேட்டில் எழுதுவதோடு நில்லாதீர்கள். ஒரு துண்டுப் பலகையை எடுத்து, அதன் அகலத்தை மழைநாளில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். ஆயிரம் சொற்கள் செய்யாததை அந்த ஒரு கோடு செய்யும்.

பாட்டியின் ஸ்டூலுக்குப் புதிய மேற்பலகை போட்டிருக்கிறேன். இம்முறை பசை இல்லை. நீளத் துளைகளில் நாலே திருகாணிகள். இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் மதிப்பெண் போடவில்லை. கத்திரி வெயில் வரட்டும்.