பனிமூடிய தடாகத்தில் மீன் சாவது எதனால்?

ரொறன்ரோப் பக்கம் பின்வளவில் தடாகம் வெட்டித் தங்கமீனும் கோயும் வளர்ப்பவர்களுக்கு, ஒக்ரோபர் பிறந்தால் ஒரே கவலை: மீன் பனியைத் தாங்குமா? இரண்டும் கெண்டை இனம். குளிர்நீர் அவற்றுக்குப் புதிதல்ல. குளிரைவிட, மூச்சுமுட்டலுக்கும் நம்முடைய கைவேலைக்குமே அஞ்ச வேண்டும்.

நம்பிக்கை: மேலே உறைந்தால் அடிவரை உறைந்துவிடும்.
உண்மை: நீர் 4 பாகை செல்சியசில்தான் மிக அடர்த்தியானது. அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலேறி உறைகிறது. 4 பாகைக்கு அண்மித்த நீர் அடியில் தங்க, மீன் அங்கே அசையாமல் கிடக்கும். ஆழம் போதாவிட்டால் கணக்குப் பிழைக்கும்; ஒன்ராறியோக் குளிருக்கு ஒரு மீற்றராவது வேண்டும். உடலே கட்டியாக உறைந்த தங்கமீன் வெயில் பட்டாலும் மீளாது.

நம்பிக்கை: குளிரைத் தாங்க நிறையத் தீனி போடவேண்டும்.
உண்மை: நீர் எவ்வளவு குளிரோ, மீனின் உடலும் அவ்வளவு குளிர். 10 பாகைக்குக் கீழே செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடும். நீர் 15 பாகைக்குக் கீழே இறங்கும்போதே தீனியைக் குறைத்து, கோதுமை முளை கலந்த, எளிதில் செரிக்கும் தீனிக்கு மாறுங்கள். 10 பாகையில் நிறுத்திவிடுங்கள். இடையில் ஒருநாள் வெயில் எறித்து மீன் மேலே வந்தாலும் இரங்க வேண்டாம்.

நம்பிக்கை: குளிர்நீரில் ஒட்சிசன் அதிகம், மூடிக் கிடந்தாலும் பயமில்லை.
உண்மை: முதற்பாதி சரி. 25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் சுமார் 8 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 0 பாகையில் 14-க்கும் மேல். ஆனால் பனிக்கட்டி மூடியபின் புதுக் காற்று இறங்காது. அடியில் அழுகும் மேப்பிள் இலைகள் இருப்பதையும் தின்று தீர்க்கும். காபனீரொட்சைட்டும் ஐதரசன் சல்பைட்டும் வெளியேற வழியிராது. மேலே ஸ்நோ குவிந்தால் வெளிச்சமும் போய், நீர்த்தாவரங்கள் ஒட்சிசன் தருவதும் நின்றுவிடும். ஒட்சிசன் அற்றுப்போனால் தங்கமீன் லக்ரிக் அமிலத்தை எதனோலாக மாற்றிச் செவுள்வழியே வெளியேற்றிச் சிலகாலம் சமாளிக்கும். கோய்க்கு அந்த வல்லமை இல்லை. ஆகவே இலையுதிர்காலத்திலேயே வலை விரித்து இலைகளைத் தடுங்கள், விழுந்தவற்றை அள்ளுங்கள். மிதக்கும் சூடாக்கியாலோ காற்றுக்குமிழாலோ ஒரு துளையைத் திறந்தபடி வையுங்கள்.

நம்பிக்கை: துளை அடைபட்டால் சுத்தியலால் உடைக்கலாம்.
உண்மை: அடியின் அதிர்வு நீரில் பரவி மீனைத் தாக்கும். சுடுநீர் நிறைந்த பானையைப் பனிக்கட்டிமேல் வைத்து உருகவிடுங்கள். தெருவுக்குப் போடும் உப்பைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

நம்பிக்கை: பம்பி அடியில் ஓடினால் மீனுக்கு நல்லது.
உண்மை: அது மேலுள்ள கடுங்குளிர் நீரை அடிக்கு இழுத்து, மீன் ஒதுங்கியிருக்கும் இளஞ்சூட்டைக் கெடுக்கும். பம்பியையும் காற்றுக் குழாய் முனையையும் மேல்மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

நம்பிக்கை: பராமரிக்க முடியாத தங்கமீனை ஏரியில் விடலாம், பனியில் அது பிழைக்காது.
உண்மை: நன்றாகவே பிழைக்கும். ஹமில்ரன் துறைமுகத்தில் தங்கமீன்கள் பெருகி, அடிச்சேற்றைக் கிளறி, உள்ளூர் மீன்களின் வாழிடத்தைக் கெடுக்கின்றன. அப்படி விடுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதமும்கூட. வைத்திருக்க இயலாவிட்டால், உறைபனிக்கு முன்பே வேறொரு தடாகக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.