‘காப்’ நம் ‘காப்பு’தானா?

கேள்வி: ஆங்கிலப் படங்களில் போலீஸ்காரரைக் ‘காப்’ என்கிறார்கள். நம்முடைய ‘காப்பு’தான் கடல் கடந்து அப்படி ஆனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சட்டையில் செம்புப் பொத்தான் வைத்திருந்ததால் வந்த பெயர் என்கிறார் என் நண்பர். யார் சொல்வது சரி?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டு பேருமே தோற்றார்கள்!

காவலர், காப்பு, காப் என்று அடுக்கினால் பொருத்தம் அருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘காப்’ என்று நம் காதில் விழுவது அமெரிக்க உச்சரிப்பு. சொல் பிறந்த இங்கிலாந்தில் ‘கொப்’ என்பதுபோலக் குறுகலாகச் சொல்வார்கள். பொருளும் வேறு. வட இங்கிலாந்துப் பேச்சில் அது ‘பிடி, கைப்பற்று’ என்னும் வினைச்சொல். 1704-இலேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது. அதற்கும் முந்தைய வேர் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததா, டச்சு மொழியிலிருந்து வந்ததா என்பதில் அகராதிக்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

1829-இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டன் மாநகரப் போலீஸை அமைத்தார். அவர் பெயரை வைத்தே போலீஸ்காரர்களை ‘பாபி’ என்றும் ‘பீலர்’ என்றும் மக்கள் அழைத்தார்கள். இன்னொரு பெயர் அவர்கள் செய்யும் வேலையிலிருந்து வந்தது: ‘காப்பர்’, அதாவது பிடிக்கிறவன். 1840-களில் இது வழக்கில் இருந்தது. 1859 வாக்கில் வால் அறுந்து ‘காப்’ ஆகிவிட்டது.

செம்புக்கும் ஆங்கிலத்தில் ‘காப்பர்’தான். இந்தச் சிலேடையைக் குறும்புக்காரர்கள் விடுவார்களா? போலீஸ்காரரைக் கடந்து போகும்போது செப்புக்காசு ஒன்றை எடுத்துக் காட்டி அவரைச் சீண்டுவார்களாம். வாயே திறக்காமல் வசை! 1864-இல் மான்செஸ்டர் பத்திரிகை ஒன்று இதை எழுதியிருக்கிறது. பெயர் முன்பே இருந்தது, செம்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ‘கான்ஸ்டபிள் ஆன் பேட்ரோல்’ என்பதன் முதலெழுத்துகள் என்பதும் பிற்காலக் கட்டுக்கதை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் பெருகியது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

‘பிடி’யைப் பிடித்துக்கொண்டால் மற்ற பொருள்களும் பிடிபடும். கையும் களவுமாக அகப்பட்ட பிரிட்டிஷ் திருடன் ‘ஃபேர் காப்’ என்றால், ‘மாட்டினது நியாயம்தான்’ என்று ஒப்புக்கொள்கிறான். ‘காப் இட்’ என்பது அடி வாங்குவதில் தொடங்கிச் செத்துப்போவது வரை போகும். ‘நாட் மச் காப்’ என்றால் ‘பெரிசா ஒண்ணுமில்லை’. அமெரிக்க நீதிமன்றத்தில் பெரிய குற்றச்சாட்டுக்குத் தப்ப, சின்னக் குற்றத்தை ஒப்புக்கொள்வது ‘காப் எ ப்ளீ’. செய்ய வேண்டியதைச் செய்யாமல் நழுவினால் ‘காப் அவுட்’.

அப்படியானால் நம் காப்புக்கும் போலீஸுக்கும் ஒட்டும் உறவும் இல்லையா? அதற்கு லண்டன் வரை போக வேண்டாம். நாளைக் காலைப் பேப்பரைப் புரட்டுங்கள்: ‘கஞ்சா விற்றவருக்குக் காப்பு’ என்ற ரீதியில் ஒரு தலைப்பு எங்காவது இருக்கும். கைவிலங்கைக் கைக்காப்பாக்கிய குசும்பு அது. செப்புக்காசைக் காட்டியவர்கள் கேட்டால் ரசித்திருப்பார்கள்.