ஸ்க்ரூவைத் திருகும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனம் வரவில்லை. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றால் வண்டியே குலுங்குகிறது, சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. மெக்கானிக் ஸ்லோ ஸ்பீடைக் கூட்டி வைத்தார். சில நாளில் பழையபடியே ஆகிவிட்டது. இப்போது கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கார்ப்பரேட்டர்தான் காரணம் என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. ஸ்லோ ஸ்பீடைக் கூட்டினால் நடுக்கம் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். பெட்ரோல் செலவு கூடுவதுதான் மிச்சம்.

உங்களுடையது 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின். லேசான அதிர்வு அதன் இயல்பு. ஆனால் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். வேகமாகப் போகும்போது அது பெரிதாகத் தெரியாது. நிமிடத்துக்கு 850–900 சுற்றில் நிற்கும்போது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டியை ஓடவிட்டு, பின்னால் போய் சைலன்ஸர் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள். காற்று சீராகத் தட்டினால் இன்ஜின் நன்றாக எரிகிறது. அப்படியானால் நடுக்கத்துக்குக் காரணமாக இன்ஜின் மவுண்டிங் ரப்பர் இறுகியோ கிழிந்தோ இருக்கலாம். ஒரே தாளத்தில் ஒரு தட்டு மட்டும் விட்டுப்போனால் ஏதோ ஒரு சிலிண்டரில் மிஸ். ஒழுங்கில்லாமல் அங்கங்கே விட்டுப்போனால் பெட்ரோல்–காற்றுக் கலவையில் சந்தேகம் கொள்ளலாம்.

அடுத்து மூன்று பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில்தான். கார்ப்பரேட்டர் மூன்றுக்கும் பொதுவானது. பிளக் முனையின் இடைவெளி 0.7–0.8 மி.மீ. இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள்.

பிளக் வயர்களைச் சோதிக்க இருட்டு போதும். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடுங்கள். ரப்பர் வெடித்த வயரில் நீல நிறப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். அது தெரிந்தால் வயர் செட்டை மாற்றுங்கள். கூடவே டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, உள்ளே கரிக்கோடு விழுந்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பாயிண்ட் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பாயிண்ட் தேய்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சோக்கை வைத்து ஒரு சோதனை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் குமிழைக் கொஞ்சமாக இழுங்கள். நடுக்கம் குறைந்தால் இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ தேவையில்லாத காற்று புகுகிறது. நடுக்கம் கூடி, புகைந்து, அடைத்துக்கொண்டால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். ஏர் ஃபில்டரையும் கார்ப்பரேட்டர் மிதவையின் மட்டத்தையும் பார்க்க வேண்டும்.

பழைய வண்டிகளில் காற்று புகுவதுதான் மிகச் சாதாரணமான காரணம். மேனிஃபோல்டில் இருந்து போகும் ரப்பர் குழாய்கள் வருடக் கணக்கில் சூட்டில் வெந்து, முனையில் கீறல் விட்டிருக்கும். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியைக் கார்ப்பரேட்டரின் அடிப்பக்கம், மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரம், ஒவ்வொரு இணைப்பு என்று நகர்த்துங்கள். ஓட்டை உள்ள இடத்தில் 'ஸ்ஸ்' என்று தெளிவாகக் கேட்கும். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான இன்ஜின் மீது கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கண்டுபிடிக்கும் வழக்கமும் உண்டு. அது தீப்பிடிக்கும் பொருள், வீட்டில் வேண்டாம்.

காற்றும் புகவில்லை, சோக் இழுத்தால் மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம். ஓட்டத்தில் குறையில்லை, நின்றால்தான் தொல்லை என்று நீங்கள் சொல்வதும் அதற்குப் பொருந்துகிறது. ஜெட்டைக் கழற்றி, கிளீனர் விட்டு, காற்று அடித்தால் போதும். கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

கடைசியாகத்தான் கார்ப்பரேட்டரின் ஸ்க்ரூ. வால்வு இடைவெளி, டைமிங் இரண்டையும் சரிபார்த்த பிறகு புகைப் பரிசோதனைக் கருவி இருக்கும் இடத்தில் டியூனிங் செய்யச் சொல்லுங்கள். உங்கள் காலத்து பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மெக்கானிக்கின் காது எவ்வளவு பழகியிருந்தாலும் அந்த மீட்டர் காட்டும் அளவு இன்னும் நம்பகமானது.

இத்தனைக்கும் பிறகு ஒரு சிலிண்டர் மட்டும் அடங்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பெரிய செலவுக்கு இறங்கும் முன் இந்த ஒரு சோதனையைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னுடையது 2004 மாடல், எம்.பி.எஃப்.ஐ. அதற்கும் இதே வழிதானா?
– வாசகி, ஈரோடு

பதில்: பிளக், வயர், காற்றுக் கசிவு, கம்ப்ரஷன் எல்லாம் அப்படியே. கார்ப்பரேட்டருக்குப் பதில் த்ராட்டில் பாடியைப் பாருங்கள். தகட்டின் ஓரத்திலும், ஐடிலிங்கில் காற்றை அளந்து விடும் வால்விலும் கரி படிந்தால் வண்டி நிற்கும்போது தடுமாறும். சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'செக் இன்ஜின்' விளக்கு எரிந்தால் முதலில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். மிஸ் அடிக்கும் வண்டியை நாள்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைப் பாழாக்கும். அதன் விலை பிளக் செட்டைவிடப் பல மடங்கு.

ஏ.சி. போட்டால் மட்டும் ஆஃப் ஆகிறதென்றால் ஏ.சி.க்காக ஸ்பீடைக் கூட்டிக்கொடுக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. அதை மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கார்ப்பரேட்டர் வண்டிக்கு அதில் உண்மை உண்டு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு சுமார் 9 கிலோ போதும். 20 சதவீதம் எத்தனால் கலந்ததைப் பழைய செட்டிங்கிலேயே ஓட்டினால் கலவையில் பெட்ரோல் குறைவாகிவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி தானே ஈடுகட்டிக்கொள்ளும், கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. மீட்டர் வைத்துக் கலவையில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினால் ஐடிலிங் நன்றாகும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஒரு கண்ணாடி பாட்டிலில் வடித்துப் பாருங்கள். அடியில் தனிப்படலமாக ஏதாவது தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. டேங்க்கையும் காலி செய்ய வேண்டும். பெட்ரோல் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐடிலிங்கைவிட அது முக்கியம். ஊறிப்போன குழாய் சூடான இன்ஜின் மேல் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.