40-வது எண் என்ன? கன்டெய்னர் கதவு சொல்லித் தரும் எண் தொடர்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். நேரம் 3 மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். அதில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். ஒன்றரை மதிப்பெண்ணில் தரவரிசை எவ்வளவு தூரம் இறங்கும் என்பது இந்தத் தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

7, 11, 15, 19… அடுத்த எண் என்னவென்றால் 23 என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். ‘40-வது எண் என்ன?’ என்று கேட்டால்தான் கை நிற்கும். இந்தத் தேர்வுக்குப் படித்த காலத்தில், மாதிரித் தேர்வு ஒன்றில், நான் 40 எண்களையும் ஓரத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். மூணு நிமிஷம் போச்சு. நடுவில் ஓர் எண்ணை விட்டுவிட்டதால் விடையும் தப்பு!

எழுதவே வேண்டாம். முதல் எண் 7. ஒவ்வொரு அடிக்கும் 4 கூடுகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் ‘பொது வித்தியாசம்’ என்கிறது. 40-வது இடத்துக்குப் போக எத்தனை அடி? பலரும் 40 என்பார்கள். வழுக்குவது இங்கேதான்.

மெட்ரோவில் போய்ப் பாருங்கள். டோல்கேட், காலாடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர். நிலையங்கள் ஐந்து. ஆனால் டோல்கேட்டில் ஏறினால் ரயில் ஓடும் இடைவெளிகள் நான்குதான். ஏறிய நிலையத்துக்கு ஓட்டம் கிடையாது. அதே மாதிரி 40-வது எண்ணுக்கு 39 அடி. 39 × 4 = 156. முதல் எண் 7-ஐக் கூட்டினால் 163. முடிந்தது.

இதுதான் கூட்டுத் தொடர்வரிசையின் பொது உறுப்பு: முதல் உறுப்பு + (இடம் − 1) × பொது வித்தியாசம். புத்தகத்தில் ‘என்-ஆவது உறுப்பு’ என்று எழுத்தைப் போட்டு மிரட்டியிருப்பார்கள். அந்த எழுத்து வேறொன்றுமில்லை, எத்தனையாவது இடம் என்பதுதான். அவசரத்தில் 39-க்குப் பதில் 40-ஆல் பெருக்கினால் 167 வரும். தேர்வுத்தாளில் அந்த 167-ம் ஒரு விடையாக உட்கார்ந்திருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்த வகை, கூட்டாமல் பெருக்கிக்கொண்டே போவது. இதற்கு நம்ம பகுதியில் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் பின்கதவைப் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அதை அடுத்து பெரும்பாலும் கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் மற்ற பத்தையும் சரிபார்க்கும் இலக்கம். ஐஎஸ்ஓ 6346 என்ற உலகத் தரவிதிப்படி அதைக் கணக்கிடுகிறார்கள்.

எப்படி? ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு எடை உண்டு: 1, 2, 4, 8, 16… பத்தாவது இடத்தின் எடை? முதல் எண் 1, ஒன்பது அடி, ஒவ்வோர் அடியிலும் இரட்டிப்பு. ஒன்பது 2-களைப் பெருக்கினால் 512. இங்கேயும் அந்த ‘இடம் − 1’ வந்துவிட்டது, கவனித்தீர்களா?

விளக்கத்துக்கு வழக்கமாகக் காட்டும் மாதிரி எண் ஒன்று: சி, எஸ், க்யூ, யூ, பிறகு 305438. எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஏ என்றால் 10; அங்கிருந்து 11, 22, 33 ஆகிய 11-இன் மடங்குகளை மட்டும் தாண்டிக்கொண்டு போகும். அதன்படி சி 13, எஸ் 30, க்யூ 28, யூ 32. ஒவ்வொன்றையும் அதனதன் எடையால் பெருக்கினால் 13, 60, 112, 256, 48, 0, 320, 512, 768, 4096. கூட்டினால் 6185. இதை 11-ஆல் வகுத்தால் மீதி 3. கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.

இவ்வளவு சுற்றல் எதற்கு என்று தோன்றலாம். கேட்டில் எண்ணைப் பதிவு செய்பவர் 54 என்பதை அவசரத்தில் 45 என்று தட்டிவிட்டால்? எடை எல்லா இடத்துக்கும் ஒன்றாக இருந்தால் கூட்டுத்தொகை மாறாது, தப்பு தெரியாது. எடை இரட்டிப்பதால் கூட்டுத்தொகை 6249 ஆகிறது, மீதி 1. கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும். தப்பான பெட்டி தப்பான லாரியில் ஏறாமல் இருப்பதற்கு இந்தத் தொடரும் ஒரு காவல். ஓட்டுநர்களும் கிளார்க்குகளும் தினமும் பார்க்கும் எண் இது.

மூன்றாவது வகை: 1, 3, 6, 10, 15… வித்தியாசம் 2, 3, 4, 5 என்று தானே வளர்கிறது. குழாய்களை மேலே ஒன்று, கீழே இரண்டு, அதற்கும் கீழே மூன்று என்று அடுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள். 20 வரிசைக்கு எத்தனை குழாய்? அதே அடுக்கு இன்னொன்றைத் தலைகீழாகப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் 21 குழாய், வரிசைகள் 20, மொத்தம் 420. அதில் பாதி 210.

ஒரு எச்சரிக்கை. 2, 4, 8 என்று மூன்றே எண் கொடுத்தால் அடுத்தது 16 ஆகவும் இருக்கலாம் (இரட்டிப்பு), 14 ஆகவும் இருக்கலாம் (வித்தியாசம் 2, 4, 6). நான்காவது எண்ணையோ, கொடுத்திருக்கும் விடைகளையோ பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இதற்கான பாடம் 10-ஆம் வகுப்பு கணிதப் புத்தகத்தில் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ என்ற இரண்டாம் இயல். அரசின் பாடநூல் இணையதளத்தில் இலவசமாக மொபைலிலேயே இறக்கிக்கொள்ளலாம். காசு கொடுத்து பிடிஎஃப் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இன்றைக்கே போட்டுப் பாருங்கள். 3, 10, 17, 24… இந்தத் தொடரில் 150 வருமா? வந்தால் எத்தனையாவது இடத்தில்? 150-இல் 3 போனால் 147. அதை 7-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 21. வரும். ஆனால் விடை 21 இல்லை, 22.