காலையில் மடங்காத கை: முடக்குவாதம் பற்றி இரத்தமும் பரம்பரையும் சொல்வது என்ன?



கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கைதான் முதல். அந்தக் கை விடியற்காலையில் மடங்கவில்லை என்றால் பிரட்டுக்குப் போவது எப்படி? நாளுக்குரிய கிலோவை மடுவத்தில் நிறுத்துக் கொடுப்பது எப்படி?

லயங்களுக்குப் போகும்போது இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சை நாம் கேட்கிறோம். ஒன்று, "மழையிலயும் பனியிலயும் நின்ன ஒடம்புதானே, வாதம் வரத்தான் செய்யும்." மற்றது, "அம்மாவுக்கு இருந்துச்சு, எனக்கும் வந்திருச்சு. இனி மகளுக்கும் வரும்." முதல் பேச்சு ஆளை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கிறது. இரண்டாவது பேச்சு பிள்ளைகள் மனதில் பயத்தைப் போடுகிறது. கலியாணப் பேச்சில் கூட "அது வாதக் குடும்பம்" என்று சொல்லும் நிலை வந்துவிடுகிறது.

இந்த இரண்டு பேச்சும் முழுச் சரி இல்லை. விஞ்ஞானிகள் எண்பது வருடத்துக்கு மேலாக நோயாளரின் இரத்தத்தையும் பரம்பரையையும் ஆராய்ந்து கண்ட விஷயங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

எல்லா வலியும் ஒரே வலி அல்ல

மூட்டு வலியில் பல வகை உண்டு. வயது போகும்போதும், பாரம் தூக்கித் தூக்கியும் மூட்டுத் தேய்வது ஒரு வகை. அதில் வேலை செய்யச் செய்ய வலி கூடும், உட்கார்ந்து ஓய்வெடுத்தால் குறையும். முழங்கால், இடுப்பு, விரல் நுனி மூட்டு ஆகியவற்றில்தான் பெரும்பாலும் வரும்.

இன்று நாம் பேசுவது வேறு வகை. வைத்தியர்கள் இதை ருமட்டொயிட் ஆத்ரைட்டிஸ் என்பார்கள். தமிழில் முடக்குவாதம். கை கால் விழுந்துபோகும் பாரிசவாதம் வேறு, இது வேறு. இதன் அடையாளங்கள் இவை:

1. காலையில் எழும்பியதும் விரல்கள் இறுகிப்போய் இருக்கும். அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆனாலும் இளகாது. கை வேலை செய்யச் செய்யத்தான் கொஞ்சம் இளகும்.

2. விரல் அடிமூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் சிறு மூட்டுகள் வீங்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒன்று போல வரும்.

3. ஒருவர் கை கொடுத்து அழுத்தினாலே தாங்க முடியாத வலி வரும்.

4. களைப்பு இருக்கும். சாப்பாட்டில் மனம் இருக்காது. சிலருக்கு இலேசான காய்ச்சலும் வரும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகத்தில் 1 கோடி 80 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. 100 பேரில் சுமார் 70 பேர் பெண்கள். தேயிலை மலையே தெரியாத, பனியில் நின்று வேலை செய்யாத ஊர்களிலும் இது இருக்கிறது. ஆகவே மழையும் குளிரும் வலியைக் கூட்டிக் காட்டலாம், ஆனால் நோயை உண்டாக்குவது அவை அல்ல.

உடம்புக்குள் நடப்பது என்ன?

கிருமி வந்தால் அதை எதிர்த்து அடிக்க நமது உடம்பில் ஒரு காவல் படை இருக்கிறது. அதை நோய் எதிர்ப்புச் சக்தி என்கிறோம். அந்தப் படை இரத்தத்தில் விடுகிற ஆயுதத்துக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள்.

முடக்குவாதத்தில் இந்தக் காவல் படைக்கு ஆள் அடையாளம் மாறிப்போகிறது. காவலுக்கு நிற்கிறவனே வீட்டுக்காரனை அடிப்பது போல, அது நம்முடைய மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. கவனிக்காமல் விட்டால் பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. விரல் கோணுவது அதனால்தான். அரித்துப்போன எலும்பைத் தைலம் பூசிப் பழையபடி ஆக்க முடியாது.

இரத்தத்தில் தெரியும் அடையாளங்கள்

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளை நாலாகப் பிரித்துச் சொல்கிறோம்.

ஈ.எஸ்.ஆர்.: இரத்தத்தை ஒரு நீளக் குழாயில் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு தூரம் கீழே இறங்குகின்றன என்று பார்ப்பது. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் இந்த எண் கூடும். இரத்தச்சோகை, கர்ப்பம், கிருமித் தொற்று இருந்தாலும் கூடும். நமது பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருப்பதால் இந்த எண்ணை மட்டும் பார்த்து "வாதம்" என்று பயப்படக் கூடாது.

சி.ஆர்.பி.: அழற்சி வரும்போது ஈரல் கூடுதலாகச் செய்கிற ஒரு புரதம். நோயின் உக்கிரத்தையும், மருந்து வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க உதவும். எதனால் வந்த அழற்சி என்று இது சொல்லாது.

ஆர்.எஃப்.: நோர்வே நாட்டு வைத்தியர் எரிக் வாலர், முடக்குவாத நோயாளர் ஒருவரின் இரத்த நீர் செம்மறியாட்டின் சிவப்பணுக்களைத் திரள வைப்பதைக் கவனித்து 1940-இல் எழுதினார். அதற்குக் காரணமான பிறபொருளெதிரிதான் ஆர்.எஃப். நோயாளர் 100 பேரில் 70 முதல் 80 பேர் வரை இது இருக்கும். ஆனால் நாள்பட்ட தொற்று உள்ளவர்களிடமும், வயது போனவர்களிடமும், நல்ல சுகமாக இருக்கிற சிலரிடமும் கூட இருக்கும்.

அன்டி-சி.சி.பி.: நெதர்லாந்தின் நைமெகன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த பரிசோதனை. நமது உடம்புப் புரதத்தில் ஒரு சிறு பகுதி சிட்ருலின் என்ற பொருளாக மாறும்போது, காவல் படை அதை அந்நியன் என்று நினைத்து விடும் பிறபொருளெதிரியை இது காட்டும். நோய் இல்லாத 100 பேரில் சுமார் 95 பேருக்கு இது "இல்லை" என்று வரும். அதனால் "இருக்கிறது" என்று வந்தால் வைத்தியர் கவனமாகப் பார்ப்பார். ஆனால் நோய் உள்ளவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு "இல்லை" என்றே வரும்.

இதிலிருந்து நாம் படிக்க வேண்டியது: இரத்தத் துண்டு மட்டும் தீர்ப்புச் சொல்லாது. அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் வைத்தியர் சங்கங்கள் 2010-இல் சேர்ந்து 10 புள்ளி கொண்ட ஓர் அளவுகோல் செய்தன. நோய் என்று சேர்ப்பதற்கு 6 புள்ளி வேண்டும். பிறபொருளெதிரிகளுக்குக் கூடியது 3 புள்ளி, ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி.க்கு 1 புள்ளி, ஆறு கிழமை நீடித்தால் 1 புள்ளி, மூட்டுகளுக்கு 5 புள்ளி வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரத்தம் எவ்வளவு மோசமாக வந்தாலும் 4 புள்ளிதான். அதுவும் வைத்தியர் தொட்டுப் பார்த்து ஒரு மூட்டாவது வீங்கியிருந்தால்தான் கணக்கே தொடங்கும்.

இது குடும்ப நோயா?

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குணங்களின் அலகை மரபணு, பரம்பரை அலகு என்று சொல்வார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பீட்டர் ஸ்டாஸ்னி என்ற விஞ்ஞானி 1978-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார். காவல் படைக்கு ஆள் அடையாளம் காட்டுகிற மரபணுக்களில் ஒரு வகை, முடக்குவாத நோயாளரிடம் மற்றவர்களை விட மிக அதிகமாக இருந்தது. அந்த மரபணுக்கள் நமது ஆறாவது நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. 2014-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, நோயாளரும் சுகதேகிகளுமாக 1 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள 101 இடங்களை மரபணுக்களில் குறித்துக் காட்டியது.

இத்தனை இடம் இருந்தால் நோய் கட்டாயம் வரும் என்றுதானே தோன்றும்? வராது. இதை நமது மலையிலேயே பார்க்கலாம். வீ.பீ. தேயிலையை ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி நடுகிறோம். எல்லாச் செடிக்கும் பரம்பரை ஒன்றுதான். ஆனாலும் பனி மூடிய பள்ளத்து மலையில் கொப்புள நோய் கூடுதலாக வரும், வெயில் படும் மேட்டில் குறைவாக இருக்கும்.

மனிதரில் அப்படி ஒரே பரம்பரை உள்ளவர்கள், ஒன்று போல இருக்கும் இரட்டைப் பிள்ளைகள். பிரித்தானியாவில் 1993-இல் வெளியான ஆய்வு அவர்களைப் பார்த்தது. ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது 100-க்குச் சுமார் 15 சோடியில்தான். மற்றச் சோடிகளில் ஒருவருக்கு இருந்தும் மற்றவருக்கு இருக்கவில்லை. ஒரே பரம்பரை உள்ளவர்களுக்கே இப்படி என்றால், தாய்க்கு இருந்ததற்காக மகளை ஒதுக்கி வைப்பது நியாயமா?

அப்படியானால் மிச்சம் எதனால் வருகிறது? எல்லாம் நமது கையில் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது, அது புகை. சுவீடன் நாட்டில் 2006-இல் வெளியான ஆய்வில், குறித்த மரபணுவை அம்மா பக்கத்திலும் அப்பா பக்கத்திலும் வாங்கியிருந்து புகையும் பிடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களை விடச் சுமார் 21 மடங்கு கூடுதலாக, சிட்ருலின் பிறபொருளெதிரி உள்ள முடக்குவாதம் வந்திருந்தது. புகை நெஞ்சுக்குள் புரதங்களை மாற்றிக் காவல் படையைக் குழப்புகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பரம்பரையை மாற்ற முடியாது. சிகரட்டையும் பீடியையும் நிறுத்த முடியும். வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவர்கள் புகையை விடுவதுதான் அந்தக் குடும்பம் செய்யக்கூடிய நல்ல காரியம்.

நோய் வருமுன்னே தெரியுமா?

நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமில் 2004-இல் இதை ஆராய்ந்தார்கள். இரத்த தானம் செய்து, பிற்பாடு முடக்குவாதம் வந்த 79 பேரின் பழைய இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். நோய் தொடங்குமுன்னே, சுமார் பாதிப் பேரின் இரத்தத்தில் ஆர்.எஃப். அல்லது அன்டி-சி.சி.பி. இருந்தது. சிலருக்குப் பல வருடங்களுக்கு முன்பே இருந்தது.

இதைக் கேட்டதும் "அப்ப எங்க புள்ளைங்களுக்கும் இப்பவே பார்த்திரலாமே" என்று நினைக்க வேண்டாம். அடையாளம் இருப்பவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. மூட்டு வலியும் அடையாளமும் உள்ளவர்களுக்கு அபடாசெப்ட் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த இரண்டு ஐரோப்பிய ஆய்வுகள் 2024-இல் வெளிவந்தன. மருந்து நோயைப் பின்தள்ளியது. ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு அந்தப் பலன் குறைந்து வந்தது. ஆகவே வலியும் வீக்கமும் இல்லாத பிள்ளைக்குப் பட்டணத்தில் காசு கட்டி இந்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கிக் கொடுங்கள்.

மருந்து பற்றி

ஆரம்பத்தில் போனால் விரலைக் காப்பாற்றலாம். மூட்டு வீங்கி ஆறு கிழமைக்குள் வாத நோய் வைத்தியர் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்பது ஐரோப்பிய சங்கத்தின் அறிவுரை.

முதலில் கொடுப்பது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். இதைக் கிழமைக்கு ஒரு நாள்தான் குடிக்க வேண்டும். தவறித் தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெட்டியிலே எழுதி வையுங்கள். எழுத்துத் தெரியாத பெரியவர்கள் என்றால் வீட்டில் ஒருவர் எடுத்துக் கொடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் குடிக்கக் கூடாது. பிள்ளை பெற எண்ணம் இருந்தால் முதலே வைத்தியரிடம் சொல்லுங்கள். சாராயம், கசிப்பு இதோடு சேர்ந்தால் ஈரல் கெடும். சொன்ன நாளில் இரத்தம் பரிசோதிக்கப் போகவும் வேண்டும்.

ஆராய்ச்சியால் வேறொரு நன்மையும் கிடைத்தது. வீங்கிய மூட்டுக்குள் டி.என்.எஃப். என்ற புரதம் நெருப்புக்கு விறகு போல இருப்பதை லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி ஆகியோர் கண்டறிந்தார்கள். 1992-இல் அதைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாக முடக்குவாத நோயாளருக்குக் கொடுத்தார்கள். இந்த ஊசி மருந்துகள் உள்ளே அடங்கியிருக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம். அதனால் முதலில் அதற்குச் சோதிப்பார்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

காலை இறுக்கமும் மூட்டு வீக்கமும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். வீக்கம் தொடங்கிய திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பழைய இரத்தத் துண்டுகளை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டு போங்கள். வலி குறைந்தது என்று மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். கை வீங்கியிருக்கும் காலத்தில் இலேசான வேலை கேட்பதற்கு வைத்தியரின் கடிதம் உதவும். அதை எங்களிடமும் கொண்டு வந்து காட்டலாம்.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்

1. ஆர்.எஃப். "இருக்கிறது" என்று வந்து மூட்டு வீக்கமே இல்லாத ஒருவரை முடக்குவாத நோயாளி என்று சொல்லலாமா?

2. அக்காவுக்கு நோய் இருக்கிறது. தங்கைக்குக் கட்டாயம் வருமா? அவர் எதைத் தவிர்க்கலாம்?

3. மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு எத்தனை நாள்?

பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை வாசித்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். பதில் தடுமாறினால் மேலே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். காலையில் கை மடங்காத ஒருவர் உங்கள் லயத்தில் இருந்தால், அவருக்கும் இதை வாசித்துக் காட்டி டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.