திட்டி வந்த கடிதமா? முதல்ல பதிவேட்டைப் பாரு!

"முந்நூறு சந்தா சேர்ந்திருச்சுக்கா"ன்னு துள்ளினே. அடுத்த மாசமே, "ஒருத்தர் திட்டி எழுதியிருக்கார், தூக்கமே வரலை"ங்கிற. பதினோரு வருஷம் காலாண்டிதழ் நடத்தி ஓய்ஞ்சவ சொல்றேன், கேளுடி.

தபாலைப் பிரிச்சதும் ரெண்டு கட்டா வை. இதழ் வரலைங்கிற கடிதம் ஒரு கட்டு, மத்ததெல்லாம் இன்னொண்ணு. முதல் கட்டுக்கு அன்னைக்கே பதில் போகணும். வீடு மாறியிருப்பாங்க, இல்லன்னா நாம ஒட்டின சீட்டுல பின்கோடு ஒரு எண் தப்பியிருக்கும். யார் தப்புன்னு ஆராயாம இன்னொரு பிரதி அனுப்பிடு. இதுக்குன்னே ஒவ்வொரு தடவையும் இருபது பிரதி கூடுதலா அடிச்சு வைப்பேன்.

திட்டுக் கடிதத்தையும் இந்தக் கண்ணோடதான் படிக்கணும். "இதழ் முன்ன மாதிரி இல்ல, தரம் போச்சு"ன்னு ஒருத்தர் எனக்கு மூணு பக்கம் எழுதினார். ராத்திரி முழுக்க உட்கார்ந்து சூடா ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, காலையில கிழிச்சுப் போட்டேன். பதிவேட்டைப் புரட்டினா, அவருக்குப் போன ரெண்டு இதழ் திரும்பி வந்து நம்ம பரண்லயே கிடக்குது! மன்னிப்புக் கேட்டு ரெண்டையும் அனுப்பினேன். அடுத்த கடிதத்துல தரத்தைப் பத்திப் பேச்சே இல்ல. ஆயுள் சந்தா எவ்வளவுன்னு கேட்டிருந்தார்.

அச்சுல போட, பாராட்டு ஒண்ணு போதும். காரணம் சொல்லி மறுக்கிற கடிதத்துக்கு இடம் கொடு. 1959-ல சி.சு. செல்லப்பா தொடங்கின ‘எழுத்து’ சின்னப் பத்திரிகைதான். புதுக்கவிதையை வச்சு அதுல நடந்த வாதத்தை இன்னைக்கும் எடுத்துப் படிக்கிறாங்க. நீளமான கடிதத்தைச் சுருக்கு, ஆனா அவர் சொல்லாததைச் சொல்ல வைக்காதே.

மொட்டைக் கடிதாசி நேரா குப்பைக்கு. யாரையாவது பேர் சொல்லித் தூத்தியிருந்தா அச்சுக்கே அனுப்பாதே. "வாசகர் கருத்துக்கு ஆசிரியர் பொறுப்பல்ல"ன்னு கீழே ஒரு வரி போட்டா தப்பிச்சுக்கலாம்னு நினைக்காதே. பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவுல, அவதூறுன்னு தெரிஞ்சே அச்சடிச்சவருக்கும் ரெண்டு வருஷம் வரை சிறை உண்டு.

"என் கவிதையைப் போடலைன்னா சந்தாவை நிறுத்திடுவேன்"னு மிரட்டுறவங்களும் வருவாங்க. மீதி இதழுக்கான பணத்தைக் கணக்குப் போட்டு ஜிபேல அனுப்பிட்டு, ஒரு நன்றியும் எழுது. வாதம் வேண்டாம்.

அப்புறம், நம்ம சித்தப்பா கடிதத்தை மட்டும் போட்டுடாதே. நான் ஒரு தடவை போட்டேன். அதிலிருந்து கடைசி இதழ் வரைக்கும் விடாம எழுதினார். நேத்து போன் பண்ணி உன் முகவரியைக் கேட்டார். கொடுத்துட்டேன்.